பையைப் பார்த்துக்கொள்பவள்

என் அம்மா ஏற்காட்டை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். 1991 கோடை விடுமுறையில் சின்னசேலத்திலிருந்து எங்கள் உறவுக்கூட்டம் ஒரு வேன் பிடித்துப் போனது. அந்தப் பயணத்தைப் பற்றி அவரிடம் எப்போது கேட்டாலும் ஒரே கதைதான். குரங்கு ஒன்று வந்து எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது; இவர் குடையை எடுத்துக்கொண்டு விரட்டினார்; அது பல்லைக் காட்டியது. அம்மா பல்லைக் காட்டி நடிப்பார். நாங்கள் சிரிப்போம். எனக்கு அந்த நாளில் ஏரி நினைவிருக்கிறது, படகு நினைவிருக்கிறது, பகோடா பாயின்டில் அப்பா என்னைத் தூக்கிக் காட்டிய கீழ்நாடு நினைவிருக்கிறது. அம்மாவுக்குக் குரங்கு மட்டும்.

ஏன் குரங்கு மட்டும் என்பது எனக்குப் புரிய முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 2024 காணும் பொங்கலன்று கல்வராயன்மலையில், கரியாலூர் படகுத்துறைக்கு அருகே, ஒரு மரத்தடியில் ஒன்பது பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. அம்மா பைகளோடு உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். பைகள் இருக்கும் இடத்துக்குக் குரங்குதான் வரும், ஏரி வராது.

கச்சிராயபாளையத்துக்கு நான் மருமகளாக வந்து இருபது வருடங்கள் தாண்டிவிட்டன. ஊருக்கு மேற்கே எப்போது நிமிர்ந்தாலும் மலை நிற்கும். மலையடியில் கோமுகி அணை. ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. தை மாதத்தில் கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகும். சாலை முழுக்கச் சோகை சிதறிக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் காரில் வந்து எங்கள் கடைத்தெருவில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் தெருப் பெண்கள் பலர் அந்த மலையைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் "மலைக்குப் போயிருக்கான்" என்று ஓர் ஆணைப் பற்றிச் சொன்னால் அவன் அருவி பார்க்கப் போயிருக்கிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சாராயம் குடிக்கப் போயிருக்கிறான் என்றுதான் அர்த்தம். அந்தச் சொல்லே வீட்டுப் பெண்களின் வாயை அடைத்துவிடும். ஆண்கள் போய்க் கெட்டுப்போன இடத்துக்குப் பெண்கள் எதற்குப் போக வேண்டும்?

ஆனால் காணும் பொங்கலுக்கு விலக்கு உண்டு. ஆடிப்பெருக்குக்கும் உண்டு. நம் பண்பாட்டில் பெண்கள் வெளியே போவதற்கென்று சில நாட்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். நீர்நிலைக்குப் போகலாம், கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடலாம், சிரிக்கலாம். இதைப் பெருமையாகப் பேசுபவர்கள் உண்டு. பெருமையில் நியாயமும் உண்டு. சித்ரான்னம் என்ற ஒன்றைத் தவிர. புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சம்பழச் சாதம், தயிர்ச்சாதம் என்று அந்த நாளின் அடையாளமாகச் சொல்லப்படும் அத்தனையும் முந்தின இரவும் அன்றைய விடியற்காலையும் யாரோ நின்று கிளறியவை. வருடத்தில் இரண்டு நாள் பெண்களுக்குத் திறக்கப்படும் கதவு அடுப்படி வழியாகத்தான் திறக்கிறது.

அந்தக் காணும் பொங்கலுக்கு நாங்கள் பதினான்கு பேர். நானும் என் ஓரகத்தியும் இரண்டரை மணிக்கு எழுந்தோம். புளிக்காய்ச்சல் முந்தின நாளே தயார். முட்டை வேக வைத்து உரித்து, சாதம் வடித்து ஆற வைத்து, குழந்தைகளுக்குத் தனியாகக் காரமில்லாமல் கொஞ்சம் எடுத்து வைத்து, மாமனாரின் சர்க்கரை மாத்திரை, சின்னவனுக்கு வாந்தி மாத்திரை, மாற்றுத்துணி, துண்டு, பாய், சுடுதண்ணீர் பிளாஸ்க். வேன் ஏழு மணிக்கு வந்து ஹாரன் அடித்தபோது "இன்னுமா கெளம்பல, பொம்பளைங்கன்னாலே லேட்டு" என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று சொல்லப்போவதில்லை. எல்லா வீட்டிலும் ஒரு குரல் அப்படிச் சொல்லும்.

இன்னும் இரண்டு தயாரிப்புகள் உண்டு, அவற்றை யாரும் பட்டியலில் எழுத மாட்டார்கள். ஓரகத்திக்கு அந்த வாரம் தேதி. மருந்துக்கடையில் நார்எதிஸ்டிரோன் மாத்திரை வாங்கித் தள்ளிப் போட்டிருந்தாள். கோயிலுக்காகப் போட்டுப் பழகிய மாத்திரை இப்போது சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. இரண்டாவது, காலையிலிருந்து நாங்கள் இருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஆண்களுக்காக வேன் மலைச்சாலையில் எந்த வளைவிலும் நிற்கும். எங்களுக்காக நிற்க வேண்டுமென்றால் முதலில் மாமனாருக்குத் தெரியாமல் மாமியாரிடம் சொல்லி, மாமியார் பெரிய பையனிடம் சொல்லி, அவர் டிரைவரிடம் சொல்லி, பிறகு ஒரு மறைவிடம் தேட வேண்டும். அதைவிடத் தாகம் எளிது.

பெரியார் அருவியில் இறங்கினோம். எந்தப் பெரியார் என்று நான் வேனில் கேட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆண்கள் டிராயரோடு இறங்கி ஒரு மணி நேரம் நின்றார்கள். நாங்கள் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றோம். துணி மாற்ற ஒரு சேலையை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து, உள்ளே ஒருத்தி. காற்றடித்தால் நான்கு பேரும் சேர்ந்து கத்துவோம். அந்தக் கத்தலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அன்றைக்கு எனக்கு மிக நன்றாக நினைவிருக்கும் நிமிடம் அருவியில் நின்றதல்ல, அந்தச் சேலைக் கூடாரத்துக்குள் ஈரத்தோடு சிரித்ததுதான்.

பிறகு கரியாலூர். படகில் ஏறப் போனார்கள். பைகளை என்ன செய்வது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். என் கணவர் கெட்டவரல்ல, "நீ வரலியா?" என்று திரும்பிக் கேட்டார். "பை இருக்குல்ல" என்றேன். "ஆமால்ல" என்று போய்விட்டார். அந்த "ஆமால்ல"வை நான் பல நாட்கள் யோசித்திருக்கிறேன். அதில் அதிகாரம் இல்லை, கொடுமை இல்லை. பூமி சுற்றுகிறது என்று யாரோ நினைவுபடுத்தியதுபோல ஓர் ஒப்புதல்.

ஓய்வு என்பது என்ன என்று அந்த மரத்தடியில்தான் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன். வேலை இல்லாத நேரமா? அப்படியானால் எனக்கு அப்போது ஓய்வுதான். கையில் வேலை ஒன்றும் இல்லை, நிழல் இருந்தது, எதிரே தண்ணீர் இருந்தது. ஆனால் என் கண் ஒன்பது பைகளையும் எண்ணிக்கொண்டிருந்தது. காது குழந்தைகளின் குரலைப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகையா சிரிப்பா, நம்முடையதா வேறு வீட்டுடையதா என்று. கை சும்மா இருந்தும் நான் சும்மா இல்லை. மற்றவர்களின் மகிழ்ச்சிக்குப் பொறுப்பாளியாக இருக்கும்வரை ஒருத்தி மகிழ முடியுமா என்பதுதான் கேள்வி.

அரிஸ்டாட்டில் ஓய்வை மிக உயர்ந்த இடத்தில் வைத்தவர். நாம் வேலை செய்வதே ஓய்வு பெறுவதற்காகத்தான் என்றார். ஓய்வுக்கு அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பின்னால் ஐரோப்பிய மொழிகளில் பள்ளிக்கூடத்துக்கான சொல்லே வந்தது. சிந்தனை, அரசியல், தத்துவம் எல்லாம் அந்த ஓய்வில் முளைப்பவை. அழகான கருத்து. ஆனால் அந்த ஓய்வுபெற்ற மனிதரின் வீட்டில் சமைத்தவர்களும் துவைத்தவர்களும் அடிமைகளும் பெண்களும்தான்; அவர்கள் அடிமைகளாக இருப்பது இயற்கை என்றும் அதே தத்துவஞானி எழுதி வைத்தார். தத்துவத்தின் பைகளையும் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நம் பக்கம் தாயுமானவர் இருக்கிறார். சும்மா இருத்தலைப் பேரின்பமாகத் திரும்பத் திரும்பப் பாடியவர். மனம் அடங்கிச் சும்மா இருப்பது ஞானியருக்கும் அரிது. அதே சொல்லை நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். "என்ன பண்றீங்க?" என்று மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருபவர் கேட்டால், காலையிலிருந்து நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருக்கும் பெண் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "வீட்ல சும்மாத்தான் இருக்கேன்" என்பாள். ஞானிகளுக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

காகிதத்தில் வேறு கணக்கும் இருக்கிறது. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். செய்கிற ஆண்களுக்குத்தான் இந்தச் சராசரி. செய்யவே செய்யாதவர்கள் இந்த 97-க்குள் இல்லை. பை பார்த்துக்கொள்ளும் நேரம் எந்தக் கணக்கிலாவது வருமா என்று தெரிந்துகொள்ள ஆசை. கணக்கெடுப்பவர் என்னைக் கரியாலூரில் பார்த்திருந்தால் "பொழுதுபோக்கு" என்று குறித்திருப்பார்.

ஓய்வு ஓர் உரிமை என்று உலகம் ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட மனித உரிமைகள் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவு ஓய்வும் பொழுதும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் ஒவ்வொருவருக்கும் உரியவை என்கிறது. அந்தப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நாராயண் மேகாஜி லோகண்டேயின் போராட்டத்தால் 1890-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அந்த ஞாயிறு தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்தபோது என்ன ஆனது? கறிக்குழம்பு ஆனது. ஆலை மூடிய நாளில் அடுப்பு கூடுதலாக எரிந்தது. முதலாளியிடமிருந்து பிடுங்கிய ஓய்வு வீட்டில் இன்னொருவர் உழைப்பில்தான் ஓய்வானது. விடுமுறை என்ற சொல்லில் எதை விடுகிறோம், யார் விடுகிறார்கள்?

இங்கே கல்வராயன்மலையின் கதை குறுக்கே வருகிறது. வராமல் இருக்கக் கூடாது. நாங்கள் காற்று வாங்கப் போன அந்த மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்கள் வசம் தலைமுறை தலைமுறையாக அந்த மலை இருந்தது. 1976-இல்தான் அரசு அதைக் கையில் எடுத்தது. நாடு முழுவதற்குமான கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். அதுவரை மலைமக்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. கூலியில்லாக் கட்டாய உழைப்புக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல் அது. கொடுத்தே தீர வேண்டிய, காசு கிடைக்காத உழைப்பு.

இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? "வீட்ல வெட்டியாத்தான இருக்க." வேலையில்லாமல் இருப்பவள் என்று அர்த்தம். கூலியில்லாமல் உழைப்பது என்ற பொருளிலிருந்து உழைக்காமல் இருப்பது என்ற பொருளுக்கு ஒரு சொல் எப்படி வந்து சேர்ந்தது என்பதை மொழியறிஞர்கள் விளக்கட்டும். எனக்கு அது பெண்களின் வரலாற்றைப் போலவே இருக்கிறது. காசு கொடுக்காத உழைப்பு கொஞ்ச நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கண்ணுக்குத் தெரியாத உழைப்பைச் செய்பவர் பிறகு சோம்பேறி ஆவார். 2023 செப்டம்பரிலிருந்து தமிழக அரசு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தொகை சிறியது. சொல் சரியானது.

என் மாமியாரிடம் இதையெல்லாம் பேசினால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்று படகிலிருந்து திரும்பியவர்களுக்கு அவர்தான் பரிமாறினார். நான் கரண்டியை வாங்கப் போனபோது, "விடு பாப்பா, புள்ளைங்க சாப்புடறதப் பாக்கறதுதான் எனக்கு சந்தோசம்" என்றார். இந்த வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்வது? அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நெடுங்காலம் குறைவாகவே கிடைத்தவர்கள், கிடைக்கிற அளவுக்குத் தங்கள் ஆசையையும் வெட்டிக்கொள்வார்கள். ஆகவே 'எனக்குத் திருப்தி' என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து நியாயம் நடந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்று. சரியான வாதம். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் எதிரே நிற்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுபது வயதுப் பெண்ணிடம், 'உங்கள் சந்தோஷம் உங்களுடையதல்ல, உங்களுக்குப் பழக்கப்படுத்தியது' என்று சொல்ல நான் யார்? வாழ்நாள் முழுக்க அவருடைய பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. பெண்ணியத்தின் பெயரால் நானும் பொருட்படுத்தாமல் விட வேண்டுமா?

அதே நேரம், அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடுவதும் வசதியான வேலை. வீட்டு ஆண்கள் எல்லோரும் அவர் சொன்னதை உடனே நம்பினார்கள். அவர் சொன்னவற்றில் அவர்கள் இவ்வளவு சீக்கிரம் நம்பியது வேறு எதுவும் இல்லை.

ஒரு வழிதான் எனக்குத் தோன்றியது. நம்புவதா வேண்டாமா என்று வாதாடாமல், இன்னொரு சாத்தியத்தைக் கையில் கொடுத்துப் பார்ப்பது. சாப்பாடு முடிந்ததும், "அத்தை, நீங்க போட்ல ஏறுங்க, நான் இருக்கேன்" என்றேன். அவர் மறுத்தார். மயக்கம் வரும் என்றார், காசு வீண் என்றார், இந்த வயசில் என்றார். பேத்திகள் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு போனார்கள். மிதவைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிவிட்டார்கள். அதில் அவர் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார். படகு நடுவே போனதும் அங்கிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பதறி எழுந்தேன். "தயிர்ச்சாதத் தூக்க எடுத்து நெழல்ல வையி!"

நான் நினைத்தது நடக்கவில்லை என்றுதான் அன்று தோன்றியது. இறங்கி வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பத்து நாட்கள் எங்கள் தெருவில் அந்தப் படகைப் பற்றிக் கேட்காத வீடு இல்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம், படகு எப்படிச் சாய்ந்தது, நடுவில் நின்றபோது மலை எப்படித் தெரிந்தது. தயிர்ச்சாதம் அந்தக் கதையில் வரவே இல்லை. புள்ளைகள் சாப்பிட்டதும் வரவில்லை. இதை வைத்து அவர் முன்பு சொன்னது பொய் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு சந்தோஷங்கள் இருந்திருக்கின்றன. ஒன்றுக்குத்தான் எழுபது வருடமாக அனுமதி இருந்தது.

நான் பைகளோடு உட்கார்ந்திருந்த அந்த இரண்டாவது முறைதான் பக்கத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்த பெண்ணோடு பேச வாய்த்தது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் கடலையும் விற்றுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மலைக்காரர். முந்தின இரவு கிழங்கு வேகவைத்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்திருக்கிறார். வீட்டுக்காரர் மிளகுத் தோட்டத்து வேலைக்குக் கேரளா போயிருக்கிறார். எங்களுக்குக் காணும் பொங்கல். அவருக்குக் கிழங்கு விற்கும் நாள். "போட்ல போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "நாங்க எதுக்குக்கா போவணும், இங்கியேதான கெடக்கறோம்." பிறகு அவரே கேட்டார், "நீங்க எந்த ஊருக்கா?" சொன்னேன். "கச்சிராயபாளையமா? ஆசுபத்திரிக்கு வருவேன், பேங்குக்கு வருவேன்" என்றார். அவருடைய ஒரு நாள் பயணம் மலையிலிருந்து கீழே. அங்கே காட்சிமுனையும் படகும் பூங்காவும் கிடையாது. வரிசைதான் உண்டு.

நான் குமுறிக்கொண்டிருந்த மரத்தடியில் எனக்குப் பக்கத்திலேயே என்னைவிட நீண்ட நேரமாக ஒருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. ஓய்வு என்று நான் கேட்டதும் ஒருவகையில் அவர் மேல் விழும் பாரம்தான். நான் புளிச்சாதம் கட்டாமல் போனால் அவர் கிழங்கை வாங்கிச் சாப்பிடுவேன். என் அடுப்பு அணைந்தால் அவர் அடுப்பு எரிய வேண்டும். இது குற்றமா? வாங்காமல் இருந்தால் அவருக்கு நன்மையா? இல்லை. காசு கொடுத்து வாங்கும் உழைப்பு வெட்டி அல்ல. ஆனால் அந்தக் காசு அவருக்கு ஒரு ஓய்வு நாளை வாங்கித் தரும் அளவுக்கு இருக்கிறதா என்று கேட்காமல் நான் மட்டும் ஓய்வுரிமை பேச முடியாது. பேரம் பேசாமல் வாங்கினேன் என்று எழுதிக்கொள்ளலாம்தான், அது நல்லவளாகத் தெரிவதற்கான மலிவான வழி. உண்மையில் என் நாத்தனார் பேரம் பேசினார், நான் தடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மலை எங்களுக்கு இயற்கைக்காட்சி. சோதனைச்சாவடியில் காக்கிச்சட்டைக்காரர் வேன் எண்ணைக் குறித்துக்கொண்டு கையசைத்தால் எங்கள் குழந்தைகள் திரும்பக் கையசைக்கும். மலைப்பெண்ணுக்குக் காக்கி வேறு. பக்கத்து மலையான சித்தேரியின் அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பு வந்தது, 2023 செப்டம்பர் 29-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு வருடம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கொன்றது மெத்தனால். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் பழி மலைமேல்தான் ஏறியது. அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று நீதிபதிகள் கேட்டவை எல்லாம் அந்த மக்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டவைதான். கருணாபுரத்தில் சாவு விழுந்த வீடுகளில் அடுத்த நாளும் அடுப்பு பற்ற வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐஸ்லாந்து நாட்டுப் பெண்கள் 1975 அக்டோபர் 24 அன்று வேலைநிறுத்தம் என்று சொல்லாமல் 'பெண்களின் விடுமுறை நாள்' என்று சொல்லி, அலுவலகத்திலும் வீட்டிலும் எல்லா வேலையையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர். எளிதில் சமைக்கலாம் என்று அப்பாக்கள் ஓடி ஓடி வாங்கியதில் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனதாம். இதை எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் ஒருநாள் சொன்னேன். சாசேஜ் என்றால் என்ன என்று விளக்கவே நேரம் போனது. கடைசியில் ஒருவர், "ஒரு நாளைக்கு நாமளும் எங்கனா போவலாமா?" என்றார்.

2025 பிப்ரவரியில் ஒரு வேலைநாளில் எட்டுப் பேர் போனோம். வெள்ளிமலை பஸ். சோறு கட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு. அந்த முடிவை எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. இரண்டு பேர் கடைசிவரை 'ஒரு டப்பா புளிச்சாதம் மட்டும்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீடுகளில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எதுக்கு? கோயில் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். லோன் விஷயம் என்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் எழுதிய புத்தகம் இதைத்தான் கேட்கிறது. காரணம் இல்லாமல் பொதுவெளியில் திரிய ஒரு பெண்ணுக்கு ஏன் உரிமை இல்லை? பெருநகரத்துக் கேள்வி என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் மருமகள்கள் எட்டுப் பேரும் ஒத்திகை பார்த்ததுபோல ஒரே பதிலைச் சொன்னார்கள்: "சும்மாதான்."

மாமியாரையும் கூப்பிட்டேன். "புள்ளைங்க ஸ்கூல்லேருந்து வந்தா யாரு இருப்பா?" என்றார். வரவில்லை. ஆக, எங்கள் எட்டுப் பேரின் ஓய்வுக்கும் கீழே எட்டு வீடுகளில் யாரோ பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் மாமியார், ஒரு வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். ஒரே ஒரு வீட்டில் கணவர். அவர் அன்றைக்கு லீவு போட்டதை ஊரே பேசியது.

அருவியில் தண்ணீர் மெலிந்திருந்தது. கூட்டம் இல்லை. கடையில் தோசை சாப்பிட்டோம். ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை. பிறகு கரியாலூருக்கு வந்தோம். அதே இடத்தில் அதே பெண் கூடையோடு இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. "ஊட்டுக்காரங்க வரலியாக்கா?" என்று எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். இல்லை என்றோம். எட்டுப் பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து சேலையை உதறினார்.

"கூடையக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களாக்கா? காலையிலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன். உட்டுட்டுப் போவ ஆளில்ல."

போய்விட்டார். நாங்கள் எட்டுப் பேரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு காரிலிருந்து இறங்கிய ஆள் வந்து, கிழங்கு ஒரு தட்டு எவ்வளவு என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை.

"அவங்க வருவாங்க" என்றாள் என் ஓரகத்தி. "நில்லுங்க."